களத்தில் இல்லாத மூன்றாமவர்

விதியை மீறாதவன் அறத்தை மீறியவன் ஆவானா? இவ்வினா புதியதன்று. வழக்கு மன்றத்திலும் வணிகத்திலும் குடும்பத்திலும் நாள்தோறும் எழுவதுதான். ஆயினும் அங்கெல்லாம் அது தன் முழு உருவத்தோடு நமக்குப் புலப்படுவதில்லை. காரணங்களும் சாக்குகளும் அதனைப் போர்த்துக்கொள்கின்றன. விளையாட்டுக் களத்தின் நிலை வேறு. நான்கு கோடுகளுக்குள், குறித்த நேரத்துக்குள், எழுதிவைத்த விதிகளின்படி, பல்லாயிரவர் பார்த்திருக்க நிகழ்வது ஆட்டம். அங்கே விதிக்கும் அறத்துக்கும் இடையே ஒரு பிளவு தோன்றுமாயின் அதனை மறைக்க இடமில்லை. அத்தகைய பிளவு ஒன்றை உலகக் கால்பந்து வரலாற்றிலிருந்து எடுத்து ஈண்டு ஆராய முற்படுகிறோம். அதன் நடுவே நிற்பது ஆப்பிரிக்கக் கண்டத்தின் வடகரையில் உள்ள அல்ஜீரியாவின் அணி.

1982ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டி ஸ்பெயின் நாட்டில் நடைபெற்றது. மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா, சிலி, அல்ஜீரியா ஆகிய நான்கும் ஒரே பிரிவில் இடம்பெற்றன. அல்ஜீரியாவுக்கு அதுவே முதல் உலகக் கோப்பை. ஆனால் அந்நாட்டுக் கால்பந்துக்கு ஒரு முன்கதை உண்டு. பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1958ஆம் ஆண்டு ஏப்ரலில், பிரான்சின் பெரிய கழகங்களில் ஆடிக்கொண்டிருந்த அல்ஜீரிய வீரர் சிலர் இரகசியமாக அந்நாட்டை விட்டு வெளியேறித் தூனிஸ் நகரில் ஒன்றுகூடி, இன்னும் பிறவாத ஒரு நாட்டுக்கு அணி அமைத்தனர். அவருள் ரஷீத் மெக்லூஃபியும் முஸ்தஃபா ஸிதூனியும் அவ்வாண்டு உலகக் கோப்பையில் பிரான்சுக்காக ஆடக்கூடியவர்கள் என எதிர்பார்க்கப்பட்டவர்கள். அந்த வாய்ப்பை உதறிவிட்டே சென்றனர். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு அவ்வணியை ஏற்கவில்லை. ஆயினும் அவர்கள் நாடு நாடாகச் சென்று ஆடினர். 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. இருபது ஆண்டுகள் கழித்து ஸ்பெயினுக்குச் சென்ற அணியின் பயிற்சிப் பொறுப்பில் அந்த மெக்லூஃபியும் பங்கு கொண்டிருந்தார்.

ஜூன் 16ஆம் நாள், கிஹோன் நகரில், அல்ஜீரியா தன் முதல் ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியை எதிர்கொண்டது. ஜெர்மனி அப்போது ஐரோப்பாவின் வாகையணி. புதியவர்களை எளிதில் வென்றுவிடலாம் என்ற எண்ணம் அவர்களிடம் மட்டுமன்றி ஏறத்தாழ எல்லாரிடமும் இருந்தது. இடைவேளைக்குப் பின் ரபா மாஜர் முதல் கோலை அடித்தார். ரும்மெனிகே அதனைச் சமன் செய்தார். சமன் செய்த ஆரவாரம் அடங்குவதற்குள், அடுத்த நிமிடத்திலேயே, இடப்புறமிருந்து வந்த பந்தை லக்தர் பெல்லூமி வலைக்குள் சேர்த்தார். இரண்டுக்கு ஒன்று. உலகக் கோப்பையில் ஓர் ஐரோப்பிய அணியை ஆப்பிரிக்க அணி ஒன்று வென்றது அதுவே முதன்முறை. பின்னர் ஆஸ்திரியாவிடம் 0-2 எனத் தோற்றபோதிலும், ஜூன் 24ஆம் நாள் சிலியை 3-2 என வென்று, அல்ஜீரியா தன் மூன்று ஆட்டங்களையும் நான்கு புள்ளிகளோடு முடித்துக்கொண்டது. அக்காலத்தில் வெற்றிக்கு இரண்டு புள்ளிகளே என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

எஞ்சியிருந்தது ஓர் ஆட்டம். மறுநாள் ஜூன் 25 அன்று, அதே கிஹோன் நகரில், மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோத வேண்டும். கணக்கு இதுதான்: ஆட்டம் சமநிலையில் முடிந்தாலோ ஆஸ்திரியா வென்றாலோ ஜெர்மனி வெளியேறும், அல்ஜீரியா முன்னேறும். ஜெர்மனி மூன்று கோல் வித்தியாசத்திலோ அதற்கு மேலோ வென்றால் ஆஸ்திரியா வெளியேறும். அப்போதும் அல்ஜீரியா முன்னேறும். ஜெர்மனி ஒரு கோல் அல்லது இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் மட்டுமே ஜெர்மனி, ஆஸ்திரியா இரண்டும் கைகோத்து உள்ளே செல்லும். அல்ஜீரியா ஊர் திரும்பும். அல்ஜீரியாவின் ஆட்டம் முதல் நாளே முடிந்துவிட்டமையால் இந்தக் கணக்கு இரு தரப்பாருக்கும் களமிறங்கும் முன்பே மனப்பாடம்.

பத்தாம் நிமிடத்தில் ஹோர்ஸ்ட் ஹ்ருபெஷ் ஜெர்மனிக்கு ஒரு கோல் அடித்தார். அதன்பின் ஆட்டம் மெல்ல மெல்லச் செத்துப் போயிற்று. பந்து பின்னோக்கிப் போயிற்று, பக்கவாட்டில் போயிற்று, தத்தம் கோல் காப்பாளரிடம் திரும்பத் திரும்பப் போய்ச் சேர்ந்தது. எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறிக்க எவரும் விரையவில்லை. இரண்டாம் பாதி முழுவதும் இருபத்திரண்டு பேர் நேரத்தைக் கடத்தினர் என்று கூறுவதே பொருந்தும். அரங்கில் இருந்த அல்ஜீரிய மக்கள் பணத்தாள்களை உயர்த்திக் காட்டினர். ஸ்பானியர்கள் அவ்விரு அணியினரையும் முத்தமிட்டுக்கொள்ளுங்கள் என்று கூவி எள்ளினர். ஆஸ்திரியத் தொலைக்காட்சியின் வருணனையாளர் தம் நாட்டு மக்களைப் பார்த்துப் பெட்டியை அணைத்துவிடுமாறு வேண்டிக்கொண்டார். தன் நாடு வெல்லும் வழியில் நிற்கையில் அவ்வாறு சொல்வதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும். அன்று அரங்கிலும் அரங்கைச் சுற்றியும் மானத்தோடு நடந்துகொண்டவர்களுள் அவரையும் ஒருவராக வைத்தெண்ணுகிறோம்.

ஆட்டம் 1-0 என முடிந்தது. அல்ஜீரியா முறையிட்டது. உலகக் கூட்டமைப்பு அம்முறையீட்டைத் தள்ளிற்று. எந்த விதி மீறப்பட்டது என்று கேட்டால் சுட்டிக்காட்ட ஒரு விதியும் இல்லை. பந்தைப் பின்னோக்கி அனுப்பக் கூடாது என்று விதி இல்லை. தாக்கியே ஆடவேண்டும் என்றும் விதி இல்லை. இரு அணியினரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டனர் என்பதும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஒருவேளை அவர்கள் ஒரு சொல்லும் பேசியிருக்கத் தேவையில்லை. இருவர்க்கும் ஒரே இலாபம் கண்ணெதிரே கிடக்கும்போது உடன்பாட்டுக்கு வாய்மொழி எதற்கு?

இனி அவர்கள் சார்பில் கூறத்தக்கவற்றையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். ஒவ்வோர் அணியும் தன் நாட்டை அடுத்த சுற்றுக்குக் கொண்டுசெல்லவே அனுப்பப்படுகிறது. முன்னிலையில் இருக்கும் அணி ஆட்டத்தின் இறுதிப் பகுதியில் வேகத்தைக் குறைத்துப் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்வது எங்கும் உள்ள வழக்கம். அதனை எவரும் இழிவென்பதில்லை. தோற்கும் அணி தனக்கு மேலும் கேடு வராமல் காத்துக்கொள்வதும் அவ்வாறே. இரண்டு தனித்தனிக் குற்றமற்ற செயல்கள் சேர்ந்து எப்படி ஒரு குற்றம் ஆகும்? ஆஸ்திரியா மேலும் ஓடித் தாக்கி, அதனால் இரண்டு கோல் கூடுதலாக வாங்கிக்கொண்டு வெளியேறியிருந்தால், அந்நாட்டு மக்கள் அதனைப் பெருந்தன்மை என்று போற்றியிருப்பார்களா, பேதைமை என்று ஏசியிருப்பார்களா?

வலுவான வாதந்தான். ஆனால் முன்னிலையில் இருப்பவன் நேரத்தைக் கடத்தும்போது எதிரே ஒருவன் பந்துக்காகத் துடித்துக்கொண்டிருக்கிறான் என்பதை இவ்வாதம் மறந்துவிடுகிறது. அந்தத் துடிப்பு இருக்கும்வரை அங்கே ஆட்டம் இருக்கிறது. காப்பவனுடைய திறமைக்கும் ஒரு சோதனை இருக்கிறது. இருபுறமும் துடிப்பு நின்றுவிட்டால் எஞ்சுவது ஆட்டத்தின் வேடம் மட்டுமே.

அதனினும் முதன்மையான வேறொன்று உண்டு. பிரிவு ஆட்டம் என்பது பார்வைக்கு இருவர் ஆட்டம். உண்மையில் நால்வர் ஆட்டம். ஒரு பிரிவில் சேரும் ஒவ்வோர் அணியும் மற்ற மூன்று அணிகளுக்கும் சொல்லாமலே ஒரு வாக்களிக்கிறது: 'உன்னோடு ஆடும்போது மட்டுமன்று, நீ இல்லாதபோதும் நான் மெய்யாகவே ஆடுவேன்' என்பது அவ்வாக்கு. அதனை நம்பித்தான் அல்ஜீரியா தன் மூன்று ஆட்டங்களையும் முடித்துவிட்டு ஒருநாள் காத்திருந்தது. கிஹோன் களத்தில் ஜெர்மனி ஆஸ்திரியாவுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. ஆஸ்திரியா ஜெர்மனிக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. தீங்கு முழுவதும் களத்தில் இல்லாத மூன்றாமவர்மீது விழுந்தது. அவருக்கு அங்கே கால் இல்லை, குரல் இல்லை, நடுவரிடம் முறையிடும் உரிமையும் இல்லை. எதிரில் நிற்பவனுக்கு நாம் செய்யும் நீதியில் அச்சமும் கலந்திருக்கலாம். அவன் திருப்பி அடிப்பான். அங்கில்லாதவனுக்குச் செய்யும் நீதியில் அச்சத்துக்கு இடமில்லை. ஆகவே ஒருவருடைய நடுவுநிலைமையை அளக்கும் உண்மையான இடம் இதுவே என்று கருதுகிறோம்.

பிறந்த மண்ணை விட்டு வேற்று மொழி வழங்கும் நகரங்களில் குடியேறி வாழும் நம்மனோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஊரில் அண்ணன் தம்பிமார் கூடியமர்ந்து பாகம் பிரிக்கும்போது, தில்லியிலோ மும்பையிலோ இருப்பவனுடைய பங்கு எவ்வாறு பேசப்படும் என்பதைப் பல குடும்பங்கள் அறியும். கூடியவர்களிடையே சண்டை இல்லை, பூசல் இல்லை. எல்லாம் இணக்கமாகவே முடியும். அந்த இணக்கந்தான் சில வேளை அச்சந் தருவது.

இழப்பெல்லாம் அநீதி ஆகிவிடாது என்பதையும் உடனே கூறிவிட வேண்டும். அதே 1982 போட்டியில் கேமரூன் நாட்டு அணியும் ஆடிற்று. பெருவோடு 0-0, போலந்தோடு 0-0, இத்தாலியோடு 1-1. ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை, எனினும் வெளியேறிற்று. இத்தாலியும் மூன்று ஆட்டங்களையும் சமநிலையிலேயே முடித்திருந்தது. ஆனால் அது அடித்த கோல் இரண்டு, கேமரூன் அடித்தது ஒன்று. அந்த ஒரு கோல் வேறுபாட்டில் முன்னேறிய இத்தாலி, முடிவில் உலகக் கோப்பையையே வென்றது. கேமரூன் மக்களுக்கு அது ஆறாத் துயராக இருந்திருக்கும். ஆயினும் அங்கே கேமரூனின் நடுக்களத்தாரும் காப்பாளரும் ஓடி ஆடிப் போராடித் தம் விதியைத் தாமே எழுதினர். அளவுகோல் முன்பே அறிவிக்கப்பட்டது, எல்லாருக்கும் ஒன்றே. அதனை நற்பேறின்மை என்போம். அல்ஜீரியாவுக்கு நேர்ந்ததை அப்படிச் சொல்ல நா எழவில்லை.

மறுதலையாக, விதி வெளிப்படையாக மீறப்பட்ட ஒரு நிகழ்ச்சியை வைத்து நோக்கலாம். 2010ஆம் ஆண்டு உலகக் கோப்பை முதன்முறையாக ஆப்பிரிக்க மண்ணில், தென்னாப்பிரிக்காவில் நடந்தது. கண்டத்தின் அணிகளுள் கானா ஒன்றே காலிறுதிவரை எஞ்சி நின்றது. ஜூலை 2ஆம் நாள் ஜோஹானஸ்பர்க்கில் உருகுவேயுடன் ஆட்டம். 1-1 என நீண்டு, கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளுக்கு வந்தது. டொமினிக் அடியா தலையால் முட்டிய பந்து கோலுக்குள் புகப்போகும் தருணத்தில், கோட்டின்மீது நின்ற உருகுவே வீரர் லூயிஸ் சுவாரெஸ் அதனைக் கைகளால் தடுத்தார். அவர் கோல் காப்பாளர் அல்லர். சிவப்பு அட்டை காட்டி அவரை வெளியேற்றினார் நடுவர். கானாவுக்குப் பெனால்டி கிடைத்தது. அசமோவா ஜியான் உதைத்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டு மேலே எழும்பிற்று. பின் நடந்த பெனால்டிப் போட்டியில் 4-2 என உருகுவே வென்றது. அரையிறுதிக்குச் செல்லும் முதல் ஆப்பிரிக்க அணி என்ற பெருமை கானாவின் கையருகே வந்து நழுவியது. அப்பெருமை 2022இல் மொராக்கோவுக்குக் கிட்டிற்று.

சுவாரெஸை ஏமாற்றுக்காரர் என்று பலர் தூற்றினர். தன் நாட்டுக்காகத் தன்னைப் பலியிட்டவர் என்று உருகுவே மக்கள் கொண்டாடினர். இரண்டுமே மிகை. அவர் செய்தது தவறு. வேண்டுமென்றே செய்த தவறு. ஆனால் மறைவில் செய்யவில்லை. எதிரியின் கண்முன், நடுவரின் கண்முன், உலகத்தின் கண்முன் செய்தார். விதி அதற்கென வகுத்த தண்டனை முழுவதையும் ஏற்றார். அரையிறுதியில் ஆடும் வாய்ப்பை இழந்தார். கானாவுக்கு ஈடாக ஒரு வாய்ப்பும் கொடுக்கப்பட்டது. அந்த ஈடு இழப்புக்கு நிகரானதன்று என்பது உண்மை. புகவிருந்த கோலுக்கு மாற்று, கோலாகத்தான் இருந்திருக்க வேண்டும். அது விதியின் குறை. எனினும் கானா அங்கே இருந்தது. தன் காலால் தானே விடையிறுக்கும் இடம் அதற்கு இருந்தது. அல்ஜீரியாவுக்கு அதுவும் இல்லை. ஆகையால், விதியை மீறிய சுவாரெஸின் செயலினும் ஒரு விதியையும் மீறாத கிஹோன் ஆட்டமே கொடிது என்பது நம் துணிபு. அக்ரா நகரில் இதனைச் சொன்னால் எவரும் ஒப்பமாட்டார்கள் என்பதையும் அறிவோம்.

கானாவின் கதைக்கு ஒரு பின்னிணைப்பும் உண்டு. 2022 டிசம்பர் 2ஆம் நாள், கத்தாரில், அதே இரு நாடுகளும் பிரிவின் இறுதி ஆட்டத்தில் சந்தித்தன. உருகுவே 2-0 என வென்றது. ஆனால் அதே நேரத்தில் வேறோர் அரங்கில் தென்கொரியா போர்ச்சுகலை 2-1 என வென்றமையால், உருகுவே முன்னேற இன்னும் ஒரு கோல் தேவைப்பட்டது. தாம் வெளியேறுவது உறுதியாகிவிட்ட நிலையிலும் கானா வீரர்கள் அந்த மூன்றாம் கோலை விடாது தடுத்தனர். இரு அணிகளும் வெளியேறின; கானா மக்கள் தம் தோல்வியில் மகிழ்ந்தனர். பழி வாங்கும் உவகை உயர்ந்ததன்று. ஆயினும் அன்று கானா ஆடிற்று என்பதை மறுக்க முடியாது. இல்லாத மூன்றாமவராகிய தென்கொரியாவுக்கு உரியது கிடைத்தது, கானா கடைசிவரை மெய்யாக ஆடியதனால்தான். நோக்கம் எதுவாயினும் வாக்கு காப்பாற்றப்பட்டது. அறம் சில சமயம் இத்தகைய கோணல் வழிகளிலும் வந்து சேர்கிறது போலும்.

ஆப்பிரிக்கா களத்தில் இல்லாத மூன்றாமவராக நிறுத்தப்பட்டது 1982இல் மட்டுமன்று. 1966ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த போட்டிக்குப் பதினாறு இடங்கள். அவற்றுள் ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒதுக்கப்பட்டது ஒன்றே ஒன்று. குவாமே என்க்ருமா தலைமையில் இருந்த கானா முன்னின்று எதிர்க்க, ஆப்பிரிக்க நாடுகள் கூட்டாக அப்போட்டியிலிருந்து விலகின. விலகியது வீண் போகவில்லை. 1970 முதல் அக்கண்டத்துக்குத் தனியிடம் ஒன்று உறுதியாயிற்று. 1974இல் ஸயர் நாட்டு அணி வந்தது. பிரேசிலுக்குக் கிடைத்த ஃப்ரீ கிக் உதைக்கப்படுமுன்பே அதன் காப்பாட்டக்காரர் ம்வெப்பு இலுங்கா ஓடிவந்து பந்தை எட்டி உதைத்துவிட்டார். விதி அறியாத மக்கள் என்று உலகம் பல்லாண்டுகள் அதனைக் காட்டிக் காட்டிச் சிரித்தது. தாம் விதியை நன்கறிந்தவர் என்றும், சம்பளம் தராத தம் நாட்டு ஆட்சியாளர்மீது கொண்ட சினத்தாலேயே அவ்வாறு செய்தார் என்றும் அவர் பின்னாளில் கூறினார். சிரித்தவர்கள் அவரைக் கேட்டிருக்கலாம்.

கிஹோன் ஆட்டத்தின் விளைவாக ஒரு நன்மையும் பிறந்தது. 1986 உலகக் கோப்பை முதல் ஒவ்வொரு பிரிவின் இறுதி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கவேண்டும் என்று விதி செய்தனர். 1978இலேயே, பிரேசிலின் ஆட்டம் முடிந்த பின்னர், எத்தனை கோல் தேவை என்று அறிந்துகொண்டு களமிறங்கிய அர்ஜென்டினா பெருவை 6-0 என வென்றிருந்தது. அப்போது விழிக்காதவர்கள் இப்போது விழித்தனர். தோற்றுத் திரும்பிய அல்ஜீரியா தனக்குப் பின் வரும் எல்லா நாடுகளுக்கும் விட்டுச்சென்ற கொடை இது. கத்தாரில் தென்கொரியா பெற்ற நீதியின் வேரும் இதில்தான் இருக்கிறது.

ஆனால் இவ்விதி எவரையும் நல்லவராக்கவில்லை. தீங்கு செய்வதற்கான அறிவை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துவிட்டது. பக்கத்து அரங்கில் நடப்பது முடிவாகத் தெரியாதவனால் சூழ்ச்சி செய்ய இயலாது, அவ்வளவே. பூட்டிய வீட்டுக்குள் திருடாதவனை நேர்மையாளன் என்று எவரும் பாராட்டுவதில்லை. அதற்காகப் பூட்டு வேண்டாம் என்று சொல்லவும் மாட்டோம். நாடுகளும் நிறுவனங்களும் பெரும்பாலும் பூட்டுகளால் வாழ்கின்றன; திறந்து கிடக்கும் கதவின்முன் ஒருவர் எப்படி நடக்கிறார் என்பது தனி வினா. அவ்வினாவை எந்தக் கூட்டமைப்பும் சட்டம் இயற்றித் தீர்த்துவிட முடியாது.

ஜெர்மனியும் அல்ஜீரியாவும் உலகக் கோப்பையில் மறுபடி சந்தித்தது 2014 ஜூன் 30ஆம் நாள், பிரேசிலின் போர்த்தோ அலெக்ரே நகரில். அல்ஜீரியா முதன்முறையாகப் பிரிவைத் தாண்டி வந்திருந்தது. 1982இல் பிறந்தே இராத இளைஞர்கள் பலர் அவ்வணியில் இருந்தனர். ஆயினும் அவர்கள் நாட்டில் அந்த ஆண்டைப் பற்றிப் பேசாதவர் இல்லை. தொண்ணூறு நிமிடம் கோலின்றிக் கழிந்தது. கூடுதல் நேரத்தில் 2-1 என ஜெர்மனி வென்றது. இரு தரப்பும் முழு மூச்சோடு ஆடிய ஆட்டம் அது. அவ்வாண்டின் கோப்பையும் ஜெர்மனிக்கே சென்றது.

2026ஆம் ஆண்டுப் போட்டிக்கு அணிகள் நாற்பத்தெட்டாகப் பெருக்கப்பட்டன. ஆப்பிரிக்காவுக்கு ஒன்பது நேரடி இடங்கள் ஒதுக்கப்பட்டன. பன்னிரண்டு பிரிவுகளில் மூன்றாம் இடம் பெறுவோருள் சிறந்த எட்டு அணிகளும் அடுத்த சுற்றுக்குச் செல்லலாம் என்று வகுத்தனர். ஒரு பிரிவுக்குள் ஆட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்கினாலும், பிரிவுகள் வெவ்வேறு நாள்களில் முடிவதால், பின்னர் ஆடுவோர் முன்னர் ஆடியோரின் கணக்கை அறிந்துகொண்டே களமிறங்க இயலும். பழைய கதவு வேறொரு பக்கத்தில் திறந்துகொண்டது. 2025 டிசம்பரில் நடந்த குலுக்கலில் அர்ஜென்டினா, ஜோர்டான் ஆகியவற்றோடு அல்ஜீரியாவும் ஆஸ்திரியாவும் ஒரே பிரிவில் வந்து விழுந்தன. ஒன்பது பிரிவுகளின் ஆட்டங்கள் எல்லாம் முடிந்த மறுநாள், ஜூன் 27 அன்று, தம் பிரிவின் இறுதி ஆட்டத்தில் அல்ஜீரியாவும் ஆஸ்திரியாவும் ஒருவரையொருவர் எதிர்கொள்ளுமாறு அட்டவணை வகுக்கப்பட்டது.